விசாரிச்சுச் சொல்றேம்மா

பத்து மணி சுமாருக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் கடற்கரை வண்டி வந்து நின்றதும் யாரோ ஒருவர் ஜெபமணியின் முழங்கையைப் பிடித்து உள்ளே ஏற்றினார். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை, யாரும் கேட்பதில்லை. “பார்த்து சார், பார்த்து” என்று சொல்லிக்கொண்டே ஏற்றி, உட்கார்ந்திருந்த எவரையோ எழுப்பி, தோளை அழுத்தி உட்காரவைத்து, எங்கே போகணும் என்று கேட்டு, கோடம்பாக்கம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு அந்தக் கை போய்விட்டது. பத்தொன்பது வருஷமாக இந்த வழியில் வண்டி ஏறுகிறவர் ஜெபமணி. பிளாட்பாரத்துக்கும் படிக்கும் எவ்வளவு இடைவெளி என்பது அவருடைய கைத்தடிக்கு அத்துப்படி. ஆனாலும் பிடித்த கைக்கெல்லாம் நன்றி சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அந்த நன்றி வாயிலிருந்து கிளம்புவதற்குள் கை நகர்ந்துவிட்டது. நன்றி வேறு யார்மீதோ போய் விழுந்தது. தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. வீட்டிலேயே கிடந்திருக்கலாம். காலையில் மனைவி சுகிர்தா சட்டையை எடுத்துக் கையில் கொடுக்கும்போது, “வியாழக்கிழமையிலேருந்து நீங்க சாப்பிடறது பாதித் தட்டுதான். ஒருதரம் போய்ட்டு வந்துடுங்க” என்றாள். “போய் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டார். சட்டையின் மேல் பட்டனை அவளே போட்டுவிட்டாள். அவருக்குப் பட்டன் போடத் தெரியாதா என்ன? ஆனால் அந்தக் கையை மட்டும் அவர் எப்போதும் தடுத்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பேங்கில் கடன் பிரிவு மேசையில் இருந்தபோதுதான் அந்த போன் வந்தது. வயதான பெண்குரல். ஆனால் தடுமாறாத குரல். ஒரு சொல்லை முழுதாக முடித்துவிட்டு அடுத்த சொல்லை எடுக்கும் குரல். “பார்வையற்ற வாசகர் வட்டத்துச் செயலாளருங்களா? என் பேரு செண்பகவல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கேன்.” பெயரைக் கேட்டதுமே ஜெபமணிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அந்த நாவலை அவர் மூன்று தடவை படித்திருக்கிறார். கோவில்பட்டி எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களின் சாவையும் கல்யாணத்தையும் வியாபாரத்தையும் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றிச் சொருகிக்கொண்டிருந்த பெண்களின் கதை. குரல்களாலேயே ஆன நாவல். தனக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது என்று சுகிர்தாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதை எழுதியவர் இதோ காதில் பேசுகிறார். உங்கள் நாவலைப் படித்தேன் அம்மா என்று சொல்ல வேண்டிய இடம். ஆனால் அந்தம்மா தொடர்ந்து பேசினார்: “என் தங்கச்சி மக கோவில்பட்டியிலேருந்து பேசினா. பெரியம்மா, உங்க நாவலை போன்லயே படிச்சிட்டேன், எல்லாக் குரூப்புலயும் வருதுன்னா. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொறவு வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்துல உங்க வட்டத்துப் பேரு போட்டிருக்கு. இதை யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்.” எதிரே டிராக்டர் கடனுக்கு வந்த ஒருவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜெபமணியின் வாய் தானாகச் சொன்னது: “விசாரிச்சுச் சொல்றேம்மா.” எதை விசாரிப்பது? யாரிடம் விசாரிப்பது? ஸ்கேன் செய்தது இந்தக் கை. திருத்தியது இந்தக் காது. ஊருக்கெல்லாம் அனுப்பியது இந்தக் கட்டைவிரல். ஆனாலும் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வாக்கியம். பேங்கில் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கம் இருப்பவனை அனுப்பிவைக்கச் சொல்வது. அதைப் போய் அந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். குரோம்பேட்டை வந்தது. கதவுப் பக்கம் தள்ளுமுள்ளு. பழைய நாளில் பல்லாவரத்தை நெருங்கும்போதே தோல் வாடை குப்பென்று வரும். இப்போது அவ்வளவு இல்லை. வாடையை வைத்து இறங்குகிறவனுக்கு அது ஒரு நஷ்டம்தான். விசாரிச்சுச் சொல்றேம்மா. சொல்லிப் பார்க்கப் பார்க்க அந்த ‘ம்மா’தான் அதிகம் கூசியது.

திருட்டு என்ற சொல்லை அவர் புதிதாகக் கேட்கவில்லை. அவருடைய சோறே அதில் விளைந்ததுதான். பாளையங்கோட்டையில் படிப்பு முடித்துச் சென்னைக்கு வந்த புதிதில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரும். அதன் விலையைக் கேட்டால் அப்பா தச்சுப்பட்டறையையே விற்றாலும் கட்டாது. விலை கொடுக்காதவனிடம் அது நாற்பது நிமிஷம் பேசும். பிறகு பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் மறுபடி நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷங்களில்தான் அவர் கூட்டல் பட்டியல் போடக் கற்றுக்கொண்டார், கடிதம் அடிக்கக் கற்றுக்கொண்டார். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், சேமித்துவிட்டோமா என்று. பிறகு ஒருநாள் கூடப் படித்த பால்துரை ஒரு குறுந்தகட்டைக் கையில் திணித்தான். “இதப் போடுல. இனி வாயே மூடாது.” பூட்டை உடைத்த பிரதி. அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் குரல் நாற்பத்தோராவது நிமிஷத்தைத் தாண்டிப் பேசியபோது ஜெபமணி அழுதார். அது திருட்டா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. அந்தக் குரலை வைத்துத்தான் பேங்க் பரீட்சை எழுதினார். பேங்கில் சேர்ந்த பிறகு அவர்களே அதைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் அந்தச் சுத்தமான பிரதியைப் போட்டதும் அதே குரல், அதே ஏற்ற இறக்கம். காசு கொடுத்த குரலுக்கும் கொடுக்காத குரலுக்கும் துளி வித்தியாசம் இல்லை. அது அவருக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று தலைக்குமேல் போனது. வண்டிக்குள் எல்லாப் பேச்சும் ஒரு நொடி அமுங்கி மறுபடி மேலே வந்தது. எதிரே இரண்டு பையன்கள் புதுப் படம் எந்தத் தளத்தில் வருகிறது, யாருடைய கணக்கில் புகுந்து பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். “உங்க அக்கா பாஸ்வேர்டு மாத்திட்டாங்கடா” என்றான் ஒருவன். இன்னொருவன் மனம் நொந்து உச்சுக்கொட்டினான். பேங்க் கேன்டீனில் ரகோத்தமன் இதற்கெல்லாம் கோபப்படுவார். “திருட்டு திருட்டுதான் ஜெபமணி. கடையில புகுந்து எடுத்தாலும் ஒண்ணு, நெட்டுல எடுத்தாலும் ஒண்ணு.” அவரும் மச்சான் கணக்கில்தான் கிரிக்கெட் பார்க்கிறார். அதைக் கேட்டால் “அது குடும்பத்துக்குள்ள” என்பார். பால்துரை வேறு கட்சி. இன்றுவரை மாறாத கட்சி. “நம்ம படிக்கிற மாதிரி எவனாச்சும் புஸ்தகம் போடுதானா? நமக்குன்னு ஒண்ணை விக்கவே மாட்டேன்னு உக்காந்திருக்கவன்கிட்டேருந்து எடுத்தா அது எப்படிடே திருட்டு?” வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டு விழும். சட்டம் படிக்கும் ஷர்மிளா பானு மட்டும் தட்ட மாட்டாள். “படிக்க முடியாதவங்களுக்காகப் பிரதி எடுக்கலாம்னு சட்டம் இடம் கொடுக்குது சார். நமக்குள்ள வெச்சுக்கற வரைக்கும்தான் அது. தெருவுல கொண்டுபோய் வைக்கிறதுக்கு இல்ல.” செயலாளர் என்ற முறையில் ஜெபமணி இரண்டு பேர் சொன்னதையும் குறித்துக்கொள்வார். தன் கட்சி எது என்று அவர் சொன்னதில்லை. இப்போது யோசித்தால், கட்சி இல்லாமல் இருந்ததே பிசகு என்று தோன்றியது. கட்சி உள்ளவன் ஒன்றைச் செய்துவிட்டு அதற்காக நின்று பேசுவான். கட்சியில்லாதவன் விசாரித்துச் சொல்கிறேன் என்பான்.

அந்த நாவலை நூலகத்திலிருந்து எடுத்துவந்தது சுகிர்தாதான். டெலிபோன் பற்றியது, உங்களுக்குப் பிடிக்கும் என்று கொண்டுவந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு தாளாகத் தடவிப் புரட்டி, ஸ்கேனரில் கவிழ்த்து, மேல்மூடியை அழுத்திப் பிடித்து, வெளிச்சம் ஓடி முடியும் சத்தத்தைக் கேட்டு, மறுபடி புரட்டி… மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு தமிழைக் கொடுத்தது. ‘ழு’வை ‘மு’ என்று படித்தது. நாவலில் வரும் கனகம் கதவைச் சாத்திக்கொண்டு அமுதாள். எல்லாப் பெண்களும் பக்கத்துக்குப் பக்கம் அமுதார்கள். ஜெபமணி ஒரு காதில் குரலைக் கேட்டு நிறுத்துவார். சுகிர்தா புஸ்தகத்தைப் பார்த்துச் சரியான சொல்லைச் சொல்வாள். சமையலுக்கு நடுவில், கரண்டியோடு வந்து சொல்வாள். தப்புக் கேட்ட இடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்; பார்த்த கையோடு நடுவில் வரும் பக்க எண்களையும் அவள் எடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் குரல் அதையும் சேர்த்து வாசித்துத் தொலைக்கும். மழைக்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவர்களுக்குள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முடிந்ததும் வட்டத்தில் இருந்த அறுபது பேருக்கு அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் இந்த வண்டியில் இன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டாம். பழவந்தாங்கல். பரங்கிமலை. யாரோ கொய்யாப்பழம் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிய வாசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கண் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் புத்தகக் குழு ஒன்றில் எவரோ ஒருவர் கேட்டிருந்தார்: அந்த டெலிபோன் நாவல் எங்கேயும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருக்கிறதா? வரிசையாகப் பதில்கள். இல்லை. கிடைக்காது. நானும் தேடுகிறேன். ஜெபமணியின் குரல்பொறி அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தது. இல்லை, இல்லை, இல்லை. கண்ணுள்ளவர்கள் அத்தனை பேரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. வாழ்நாள் பூராவும் வாங்கிக்கொண்டே வந்தவர். ரோட்டைக் கடக்க ஒரு கை, உட்கார ஒரு இடம், எழுத ஒரு ஆள், படிக்க ஒரு குரல். ஒவ்வொன்றுக்கும் நன்றி, நன்றி. அன்றைக்கு ஒரு தடவை கொடுக்கிறவராக இருக்க ஆசைப்பட்டார். ‘என்னிடம் இருக்கிறது’ என்று அடித்து, கோப்பை இணைத்து, அனுப்பிவிட்டார். நிமிஷத்துக்குள் நன்றிகள் வந்து குவிந்தன. நன்றி சார். மிக்க நன்றி ஐயா. நீங்கள் தெய்வம். குரல்பொறி அத்தனையையும் வாசித்துத் தீர்க்க அரைமணி ஆயிற்று. அவர் ஒன்றைக்கூடத் தாண்டிவிடாமல் உட்கார்ந்து கேட்டார். சுகிர்தா வந்து யாரு இத்தனை நன்றி சொல்றது என்று கேட்டபோது, “சும்மா” என்றார். சட்டமும் இல்லை, பால்துரையின் நியாயமும் இல்லை. பார்வையற்றவர்களின் உரிமை என்று அதற்குப் பெயர் வைத்தால் பால்துரைக்கே துரோகம். அது வெறும் ஆசை. அந்தம்மாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? உங்கள் நாவலை எடுத்து நான் பெரிய மனிதன் ஆகிப்பார்த்தேன் அம்மா என்றா?

கிண்டியில் கூட்டம் ஏறியது. யாருடைய பையோ முகத்தில் உரசியபடி நின்றது. நேற்றுச் சாயங்காலம் ஷர்மிளாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் வக்கீல் குரலில், “போங்க சார். போய் மன்னிப்பு வேணும்னாலும் கேளுங்க. ஆனா எழுத்துல எதுவும் ஒத்துக்காதீங்க. நீங்க பேங்க் ஆபீஸர். அந்தம்மா கேஸுன்னு போனா உங்க ஆபீஸ்ல விளக்கம் கேப்பாங்க” என்றாள். விளக்கம். அந்தச் சொல் நேற்றிலிருந்து காதுக்குள் வண்டு மாதிரி சுற்றுகிறது. பேங்கில் அவரைச் சேர்த்தபோதே, இவரால் முடியுமா என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. முடியும் என்று காட்டிக்காட்டியே பத்தொன்பது வருஷம் போயிற்று. ஒரு தப்பு, ஒரே ஒரு விளக்கக் கடிதம் போதும். அவருக்குப் பின்னால் வருகிற பார்வையில்லாத பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். சைதாப்பேட்டைக்கு முன்னால் பாலம். சக்கரங்களுக்கு அடியில் தரை இல்லாத அந்த வெற்றுச் சத்தம், ஆற்றின் சாக்கடை நாற்றம். இறங்கி எதிர்வண்டி பிடித்தால் அரைமணியில் வீடு. விசாரித்தேன் அம்மா, யாரென்று தெரியவில்லை, இந்த மாதிரிக் கோப்புகளில் கண்டுபிடிப்பது சிரமம். நம்பத்தான் செய்வார். கண் தெரியாத மனிதன் பொய் சொல்வான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதுவும் ஒரு சலுகை. மாம்பலத்தில் பாதி வண்டி இறங்கியது. பூவும் பழமும் பிளாஸ்டிக் சாமானும் கூவுகிற இரைச்சல் உள்ளே வந்து, கதவு வழியே மறுபடி பின்னால் போயிற்று. அடுத்த நிலையம் கோடம்பாக்கம் என்றது ஒலிபெருக்கிக் குரல். சோர்வு என்றால் காலில் இல்லை, கண்ணுக்குப் பின்னால். எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

ஆட்டோக்காரர் நாவலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருந்த விலாசத்துக்கு, இரண்டாவது தெருவில் இறக்கி, படிக்கட்டுக் கைப்பிடியில் அவருடைய கையை வைத்துவிட்டுப் போனார். முதல் மாடி. மணியை அடித்ததும் கதவு உடனே திறந்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். “வாங்க. தனியாவா வந்தீங்க?” என்றது அதே குரல், போனில் கேட்டதைவிடக் கொஞ்சம் சிறியதாக. உள்ளே அச்சுக் காகித வாடை அடித்தது. நாற்காலிக்குப் போகும் வழியில் தடி எதிலோ முட்டியது. கயிறு கட்டிய கட்டு. “புஸ்தகம்தான். நானே அச்சுப் போட்டேன்ல. கட்டிலுக்கடியில இடமில்ல” என்றார் செண்பகவல்லி. ஜெபமணி உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபி குடித்தபின் சொல்ல முடியாது.

“நான்தாம்மா செஞ்சேன்” என்றார். “ஸ்கேன் பண்ணினது, திருத்தினது, வெளியில அனுப்பினது, எல்லாம் நான்தான். வியாழக்கிழமை விசாரிக்கிறேன்னு சொன்னது பொய்.”

மின்விசிறிச் சத்தத்தில் அந்தம்மா எங்கே நிற்கிறார் என்பதே தெரியாமல்போனது. எதிர்பார்த்ததைவிடப் பக்கத்தில் குரல் வந்தது.

“அன்னிக்கே தெரியும். முப்பத்தாறு வருஷம் குரலைக் கேட்டுப் பிழைச்சவ நான். விசாரிக்கிறேன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க மூச்சை உள்ள இழுத்தீங்க. சரி. முன்னூத்திப் பத்தும் முன்னூத்திப் பதினொண்ணும் எங்க?”

“என்னதும்மா?”

“பக்கம். நீங்க அனுப்பினதுல அந்த ரெண்டு பக்கம் இல்லையே. அதைக் கேக்கத்தான் தேடினேன். திருட்டுக் குடுத்தவ திருட்டுப் போனதுக்கு அழலாம். ஆனா திருடினவரு பாதியை விட்டுட்டுப் போனா யாருகிட்டச் சொல்லி அழ?”

ஜெபமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாக, விரல் நுனியிலிருந்து விளங்கியது. நூலகப் புஸ்தகம், பழைய பைண்டிங், ஒட்டிக்கொண்ட இரண்டு தாள். ஒரே தாள் என்று தடவிப் புரட்டியிருக்கிறது கை. எந்த இடத்தில் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த இடம் அவருக்கு மனப்பாடம். கனகம் மதுரைக்கு இணைத்துக் கொடுத்த டிரங்க் கால் ஒன்றில் தன் புருஷனின் குரலைக் கேட்கிறாள். முற்றுப்புள்ளி. அடுத்த பாராவில் மறுநாள் காலை, கனகம் வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிடுகிறாள். என்ன ஒரு தாவல்! சொல்லாமல் விட்டதில்தான் இந்த எழுத்தாளரின் மேதைமை இருக்கிறது என்று வட்டத்தின் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியிருக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள். ஷர்மிளாகூடத் தட்டினாள். பதினோராயிரம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள், ஒருவருக்கும் இரண்டு பக்கம் குறைவதாகத் தோன்றவில்லை. மேதைமை, அவருடைய கை புரட்டத் தவறிய தாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார். இந்தத் தடவை அது உண்மையாக இருந்தது.

“படிக்கிறீங்களா?”

அந்தம்மா புஸ்தகக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, பக்கத்தைத் திறந்து, மேசைமேல் அவருடைய கைக்கு அடியில் வைத்தார். ஜெபமணி போனை எடுத்துத் தாளுக்கு மேலே நீட்டினார். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். வெரல் மறைக்குது” என்று செண்பகவல்லி போனின் விளிம்பை ஒரு விரலால் நகர்த்திவிட்டார். குரல்பொறி அவருக்குப் பழகிய வேகத்தில் கடகடவென்று கொட்டியது. “இது தமிழா?” என்று அந்தம்மா பதறினார். வேகத்தைப் பாதிக்கும் பாதியாகக் குறைத்தார். இப்போது அந்த உணர்ச்சியில்லாத குரல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. கனகம் காதுக் கருவியைக் கழற்றவில்லை. புருஷன் மதுரையில் இருக்கும் ஒருத்தியிடம் பேசுகிறான். பேச்சு முழுவதும் இருந்தது. என்ன சாப்பிட்டே, மழையா அங்கே, அடுத்த வாரம் வருகிறேன். இடையிடையே கனகத்தின் கண்ணீர், கொஞ்சம் அதிகமாகவே. கூட்டத்தில் பேசிய ஜெபமணி என்றால் பாதியை வெட்டச் சொல்லியிருப்பார். மூன்று நிமிஷம் முடிகிறது. விதிப்படி ஆபரேட்டர் குறுக்கிட வேண்டும். கனகம் குறுக்கிடுகிறாள். “மூணு நிமிஷம் ஆச்சு சார். நீட்டிக்கணுமா?” அவன், “ஆமாம்மா, இன்னொரு மூணு போடுங்க” என்கிறான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன். அவளுடைய குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கனகம் நீட்டித்துக் கொடுக்கிறாள்.

குரல்பொறி நின்றது. அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே சுகிர்தாவின் மனம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறவர் ஜெபமணி. ஒரு மனிதன் தன் மனைவியின் குரலை, காதுக்குள்ளேயே வந்து பேசும்போது தெரியாமல் இருப்பான் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் இது அதில் இல்லை.

“எப்படியிருக்கு?” என்று கேட்டார் செண்பகவல்லி.

“கனகம் என்ன கேட்டிருப்பாங்கறது இது இல்லாமலே எனக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா” என்றார் மெதுவாக. “ஆனா அவருக்குக் குரல் தெரியலைங்கறது தெரியலை.”

“எனக்கும் அன்னிக்கு வரைக்கும் தெரியாது” என்றார் அந்தம்மா. கனகத்துக்கு அந்த இரண்டு இட்லி எதற்கு என்பது ஜெபமணிக்கு இப்போது வேறு மாதிரி விளங்கியது.

“மன்னிச்சிருங்கம்மா.”

“அதெல்லாம் இப்ப வரலை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இருப்பில் இல்லாத ஒன்றைக் கேட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். “போனது போயிட்டு. உங்க ஆளுகளுக்கு நீங்க செஞ்சதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். என்கிட்டக் கேட்டிருந்தா நானே ஒரு பிரதி குடுத்திருப்பேன். கேக்கலை நீங்க. இப்ப இந்த ரெண்டு பக்கத்தையும் அதே இடத்துல போடுங்க. போட்டு, கீழ உங்க பேரைப் போடுங்க. வட்டத்துப் பேரு இல்ல, உங்க பேரு. விட்டுப்போனது யாராலன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். புஸ்தகத்துல என் பேரு இருக்குல்லா, அதே மாதிரி.”

எழுத்துல எதுவும் ஒத்துக்காதீங்க சார். ஷர்மிளாவின் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஜெபமணி தடியை விரித்தார்.

“போடுறேம்மா.”

கோடம்பாக்கம் பிளாட்பாரத்தில் தாம்பரம் வண்டிக்கு நேரம் இருந்தது. சிமெண்டுப் பெஞ்சு சூடாக இருந்தது. படம் பிடித்த இரண்டு பக்கங்களின் எழுத்தை ஒரு சொல் விடாமல் கேட்டுத் திருத்தினார். பார்த்துச் சொல்ல சுகிர்தா பக்கத்தில் இல்லை. சந்தேகம் வந்த இரண்டு இடத்துக்குச் செண்பகவல்லிக்கே போன் செய்தார். அந்தம்மா எடுத்து, சொல்லைச் சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் வைத்தார். பிறகு குழுவைத் திறந்து அடித்தார்: ‘டெலிபோன் நாவலின் மின்பிரதியை ஆசிரியரின் அனுமதி இல்லாமல் இந்தக் குழுவில் போட்டவன் நான். அதில் 310, 311 ஆகிய இரண்டு பக்கங்கள் என் தவறால் விடுபட்டுப்போயின. அவற்றை ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி இங்கே இணைத்திருக்கிறேன். இதைப் படிக்காமல் நாவலைப் படித்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் இன்றுதான் படித்தேன். புத்தகம் ஆசிரியரிடம் கிடைக்கும்.’ கீழே முழுப்பெயரைப் போட்டார். ஜெபமணி ஆசீர்வாதம். பேங்க் பெயரைப் போடவில்லை, தேடுகிறவன் தேடிக்கொள்ளட்டும். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நின்றது. குரல்பொறி ‘அனுப்பு’ என்றது. விரல் நகரவில்லை என்பதால் மறுபடியும் ‘அனுப்பு’ என்றது. இரண்டு தடவை தட்டினார்.

வண்டி வரும் அறிவிப்புக்கு முன்பே முதல் பதில் வந்துவிட்டது. குரல்பொறி அதைத் தன் வழக்கமான வேகத்துக்குத் திரும்பி ஒரே மூச்சில் வாசித்தது: “நன்றி சார் இதை முழு நாவலோட சேர்த்து ஒரே பைலா அனுப்ப முடியுமா தனித்தனியா இருந்தா படிக்கக் கஷ்டமா இருக்கு.”

தண்டவாளம் அதிரத் தொடங்கியிருந்தது. ஜெபமணி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுகிர்தாவிடம் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்தபடி, வண்டி வரும் சத்தத்தின் பக்கமாக எழுந்து நின்றார்.